லோங்ஜிங் கசந்தால், சப்பென்றிருந்தால், மணக்காமல் போனால்

லோங்ஜிங் வாங்கிக் குடித்துப் பார்த்தவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் இரண்டே புகார்தான். ஒன்று, “கசக்குது.” இன்னொன்று, “ஒண்ணுமே இல்லையே, வெந்நீர் மாதிரி இருக்கு.” ஒரே பொட்டலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எடுத்துப்போன இரண்டு நண்பர்கள், ஒரே வாரத்தில் இந்த இரண்டையும் சொன்னார்கள். இலை நல்ல இலை. ஒருவர் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருந்தார், இன்னொருவர் கெட்டிலை மறந்துவிட்டு ஆறிப்போனதை ஊற்றியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம்தான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஹாங்சோ நகரம் இருக்கிறது. அங்குள்ள மேற்கு ஏரியை ஒட்டிய குன்றுகளில் விளையும் பச்சைத் தேயிலை இது. லோங்ஜிங் என்றால் டிராகன் கிணறு. அந்தப் பெயரில் அங்கே ஓர் ஊற்றும் ஊரும் உண்டு. பறித்த கொழுந்தைச் சூடான இரும்புச் சட்டியில் போட்டு, வெறும் கையால் அழுத்தி அழுத்தி வறுக்கிறார்கள். அதனால்தான் இலை தட்டையாக, வழவழப்பாக இருக்கிறது. இலையைக் கறுக்கவைக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செத்துப்போவதால் பச்சை நிறம் நிற்கிறது. ஜப்பானியர் இதே வேலையை ஆவியில் செய்கிறார்கள். அவர்கள் டீயில் கீரை மணமும் கடற்பாசி மணமும் வரும். சட்டியில் வறுபட்ட லோங்ஜிங்கிலோ, பாசிப்பருப்பு வறுக்கும்போது அடுப்படியில் எழுமே, அந்த மணம் வரும். நாம் தேடுவது அந்த மணத்தையும், அதன் பின்னால் வரும் மெல்லிய இனிப்பையும்தான். இரண்டில் எது காணாமல் போனது என்று பார்த்தால், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் கறாராகக் கடைப்பிடியுங்கள்: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் இலையின் அளவையும் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

குற்றம் இலையிலா, கையிலா?

இதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. 3 கிராம் இலையை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, நன்றாகக் கொதிக்கிற தண்ணீரை 150 மில்லி ஊற்றி, மூடி, 4 நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். குடிப்பதற்கான முறை இல்லை இது. இலையின் குறைகளை மறைக்க இடம் கொடுக்காத முறை.

சாறு அழுத்தமாக இருக்கும், கசப்பும் தட்டும். கசப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். வேறு வாடை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்: ஈரச் சாக்கு வாடை, புகை, மக்கல், புளிப்பு. வடித்த இலையையும் சூடு ஆறுவதற்குள் ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மணம் சுத்தமாக இருந்து கசப்பு மட்டும் தூக்கலாக இருந்தால், இலையில் குற்றமில்லை. நாம் போடும் விதத்தில்தான் இருக்கிறது. மணமே எழவில்லை, அல்லது மேலே சொன்ன வாடை ஏதாவது இருக்கிறது என்றால் எந்தப் பக்குவமும் அதைக் காப்பாற்றாது.

கசக்கிறது, நாக்கை இழுத்துப் பிடிக்கிறது

இரண்டையும் முதலில் பிரித்துப் பாருங்கள். கசப்பு என்பது பாகற்காய். நாக்கின் பின்பக்கம் தங்கும். துவர்ப்பு என்பது வாழைப்பூ, பாக்கு, நாவற்பழம். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் வறட்டிப் பிடிக்கும். அறுசுவையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது, இந்தப் பிரிப்பு நமக்குச் சுலபமாக வரும்.

தேயிலையில் கேட்டசின் என்னும் பொருட்கள்தான் துவர்ப்புக்கும் கசப்பின் பெரும்பகுதிக்கும் காரணம். கஃபீனும் கசப்பில் சேரும். இதம் தருவது தியனின் என்கிற அமினோ அமிலம். பருப்புத் தண்ணீரைக் குடிக்கும்போது நாக்குக்கு ஒரு நிறைவு வருமே, அதற்குப் பக்கத்தில் நிற்கிற சுவை அது. தியனின் சூடு குறைந்த தண்ணீரிலேயே தாராளமாகக் கரைந்துவிடும். கேட்டசினுக்குச் சூடு ஏற ஏறக் கொண்டாட்டம். ஆகவே கொதிநீரை ஊற்றும்போது இனிப்பு கூடுவதில்லை. அதை அமுக்குகிற கசப்புதான் கூடுகிறது. நம் வீட்டு டீத்தூளைக் கொதிக்கவைத்துப் பழகிய கைக்கு இதை ஏற்க நாளாகும். அந்த டீயில் கசப்பை ஏந்திக்கொள்ளப் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. இங்கே இலையும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் இல்லை.

சரி, திருத்துவோம். முதலில் சூடு. 80 முதல் 85 டிகிரி போதும். வெப்பமானி இல்லாவிட்டால் சீனர்களின் பழைய கணக்கைப் பின்பற்றலாம்: பாத்திரத்தின் அடியில் முதலில் இறால் கண் அளவுக் குமிழ்கள், பிறகு நண்டுக் கண், பிறகு மீன் கண். நண்டுக் கண் அளவில் குமிழ்கள் மேலேறும்போது இறக்கிவிட வேண்டும். உங்கள் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பது என்றால், முழுக்கக் கொதிக்கவைத்து, கெட்டிலிலிருந்து ஓர் எவர்சில்வர் சொம்புக்கு மாற்றி, அதிலிருந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒவ்வொரு மாற்றலிலும் சூடு இறங்கும். நான் அளந்து பார்த்ததில் என் வீட்டில் இப்படிச் செய்தால் 83 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் சொம்பு கனமா, மெலிசா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கடல்மட்டத்தை விட உயரம் என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும்.

சூட்டைக் குறைத்தும் கசந்தால் நேரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் குடிக்கத் தொடங்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் கடைசியாக இலையின் அளவு. லோங்ஜிங் தட்டையாக, காற்றோட்டமாகக் கிடப்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. 200 மில்லி டம்ளருக்கு 3 கிராம். தராசு இல்லாவிட்டால், டம்ளரின் அடி லேசாக மறையும்படி ஒரு படுகை இலை போடுங்கள்.

மூன்றையும் சரிசெய்த பிறகும் துவர்ப்பு விடவில்லையா? அப்போது இலை பறித்த காலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தியனின் வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறுகிறது. வெயிலும் வெப்பமும் கூடும்போது இலையில் அமினோ அமிலம் குறைந்து கேட்டசின் பெருகுகிறது. அதனால்தான் ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்ததற்கு அவ்வளவு மரியாதை. மிங்சியென் என்று அதைச் சொல்வார்கள். ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ நாளுக்கு முன் பறித்தது யூசியென். இது கொஞ்சம் அழுத்தமாக, விலை குறைவாக இருக்கும். தினமும் குடிக்க எனக்குப் பிடித்தது இதுதான். அதற்கும் பிந்தியதைச் சூடாகப் போடாதீர்கள். 5 கிராம் இலையை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வைத்து வடித்துவிடுங்கள். கசப்பு பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும். மே மாத வெயிலில் மதியம் இதைக் குடித்தால் எவ்வளவு இதமாக இருக்கும் என்று எழுதிக் காட்ட முடியாது.

வெந்நீர் மாதிரி இருக்கிறது

முதல் சந்தேகம்: இலை குறைவு, அல்லது தண்ணீர் 70 டிகிரிக்கும் கீழே போய்விட்டது. “பச்சைத் தேயிலைக்குச் சூடு ஆகாது” என்று கேள்விப்பட்டவர்கள் எதிர்ப்பக்கம் வெகுதூரம் போய்விடுகிறார்கள். கண்ணாடி டம்ளர் சில்லென்று இருந்தாலும் ஊற்றிய சூடு பாதி அதிலேயே போய்விடும். முதலில் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது, ஆர்.ஓ. தண்ணீர். உப்பு எல்லாம் வடிக்கப்பட்ட தண்ணீரில் போட்டால் சாறு தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். உங்கள் இயந்திரத்தில் தாது உப்பின் அளவைக் கூட்டும் திருகு இருந்தால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அல்லது வடிகட்டிய நல்ல தண்ணீரைக் கால் பங்கு கலந்து பாருங்கள்.

மூன்றாவது காரணம் நாக்கு. காலையில் ஃபில்டர் காபி, அல்லது பூண்டும் மிளகாயும் போட்ட சட்னி முடித்த கையோடு இதைக் குடித்தால் எதுவும் தெரியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். முற்பகல் பத்தரை, பதினொன்று எனக்கு வாய்த்த நேரம்.

புல் வாடை அடிக்கிறது

வெட்டிய புல், பச்சைப் பயறு ஊறவைத்த தண்ணீர் போன்ற வாடை. இலை சரியாக வறுபடவில்லை, அல்லது மிகப் புதுசு. லோங்ஜிங்கை இரண்டு கட்டமாக வறுப்பார்கள்: முதல் வறுவலில் பச்சை வாடை போய் வடிவம் வரும், பிறகு இலையைப் பரப்பி ஆறவிடுவார்கள், இரண்டாவது வறுவலில் ஈரம் முழுக்கப் போய் மணம் நிற்கும். இந்த வேலைக்குப் பத்து வகைக் கையசைவுகளைச் சொல்கிறார்கள். இயந்திரத்தில் அவசரமாக முடித்த இலை பார்க்க அழகான பச்சையாக இருக்கும், மணத்தில் இந்தக் குறை தெரியும்.

வறுத்த பிறகும் அவர்கள் உடனே குடிப்பதில்லை. காகிதத்தில் பொதிந்த இலையை ஒரு ஜாடியில், துணிப்பையில் கட்டிய சுட்ட சுண்ணாம்புக்குப் பக்கத்தில் வைத்து மூடி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்பு மிச்ச ஈரத்தை உறிஞ்ச, பச்சை வாடையும் வறுவலின் காந்தலும் அடங்கி மணம் ஒன்றுசேரும். வீட்டில் நீங்கள் சுண்ணாம்பு தேட வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, பாக்கெட்டை இறுக மூடி, இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். புதுசு என்பதால் வந்த வாடை என்றால் போய்விடும். வறுவல் போதாததால் வந்தது என்றால் போகாது. காந்தல் வாடைக்கும் இதே மருந்துதான். ஆனால் இலையின் ஓரத்தில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது தீய்ந்த இலை, திரும்பாது.

மணம் போய்விட்டது

வாங்கியபோது மணந்தது, இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லை என்றால் குற்றவாளி ஈரம், காற்று, வெளிச்சம், சூடு, பக்கத்து வாடை. இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். அடுப்புக்கு மேல் உள்ள அலமாரி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கம், கண்ணாடி பாட்டில் மூன்றும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் நல்ல இடம்தான், ஆனால் காற்றுப் புகாமல் இரண்டு உறை போட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை மல்லிகைச் சரமும் அரைகுறையாக மூடிய லோங்ஜிங்கும் ஒரே தட்டில் ஓர் இரவு இருந்தன. மறுநாள் டம்ளரிலிருந்து எழுந்தது பூ வாசம்தான். தேயிலைக்கு வாசனையை இழுக்கும் குணம் அவ்வளவு. ஃபூசோ நகரத்தில் அந்தக் குணத்தை வைத்தேதான் இலையையும் மல்லிகையையும் கலந்து மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். அது அருமையான டீ. ஆனால் லோங்ஜிங்கின் பருப்பு மணம் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த இலை மேல் உடனே வியர்வை பூக்கும், அந்த ஈரமே போதும் இலையைக் கெடுக்க. பாக்கெட் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியை மூடிவிடுங்கள். எப்படி வைத்தாலும் அடுத்த வசந்தம் வருவதற்குள் குடித்துவிட வேண்டிய டீ இது.

நிறம் மங்கல், மேலே படலம்

சாறு வெளிர்மஞ்சள் கலந்த பச்சையாக, அடிவரை தெளிவாக இருக்க வேண்டும். மங்கிப் பழுப்பாக இருந்து, ஆறும்போது எண்ணெய் மாதிரி மெல்லிய படலம் மிதந்தால் தண்ணீர் கடினம். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் சகஜம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் கேட்டசினும் மேற்பரப்பில் காற்றுடன் சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. மணமும் அதோடு மழுங்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் படலம் போகும், லோங்ஜிங்கும் போய்விடும். தண்ணீரை மாற்றுவதுதான் வழி. ஹாங்சோவில் லோங்ஜிங்கையும் ஹுபாவ் ஊற்றுத் தண்ணீரையும் மேற்கு ஏரியின் இரட்டை அற்புதங்கள் என்பார்கள். ஹுபாவ் என்றால் ஓடும் புலி. மணற்பாறையில் ஊறிவரும், தாது குறைந்த மென்மையான தண்ணீர் அது.

தண்ணீர் நன்றாக இருந்தும் சாறு மஞ்சளாகிறதா? மூடி போடுகிறீர்களா என்று பாருங்கள். மூடிய பாத்திரத்தில் இந்த இளம் இலை புழுங்கிவிடும்; நிறம் மாறி, வேகவைத்த கீரை வாடை வரும். கண்ணாடி டம்ளர், மூடி இல்லாமல்.

இலை மிதந்து வாயில் வருகிறது

டம்ளரில் முதலில் கால் பங்கு தண்ணீர் விட்டு, இலையைப் போட்டு, லேசாகச் சுழற்றி ஒரு நிமிடம் நனையவிட்டு, மீதியை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். நனைந்த இலை கனத்து ஒவ்வொன்றாக இறங்கும். நின்றவாக்கில் மிதந்து இறங்குவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இரண்டாம் தடவை வெறும் தண்ணீர்

அடிவரை குடித்துவிட்டு ஊற்றினால் அப்படித்தான். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். பழைய சாறு புதியதற்கு உறை மோர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்று தடவை தாராளமாக வரும். நாலாவதை எதிர்பார்க்க வேண்டாம், இது அந்த வகை டீ இல்லை.

வயிற்றைப் பிரட்டுகிறது

வெறும் வயிற்றில் குடித்திருப்பீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது உள்ளே போகட்டும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாலை ஐந்துக்கு மேல் குடித்துத் தூக்கம் வரவில்லை என்றால் அது கஃபீன்.

இது லோங்ஜிங்தானா?

எல்லாம் சரியாகச் செய்தும் அந்தப் பருப்பு மணம் வரவே இல்லை என்றால் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். மார்ச் தொடக்கத்திலேயே “புது வரவு” என்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் வேறு ரகம்: வென்சோ பக்கத்து ஊனியூசாவ் என்கிற, சீக்கிரம் துளிர்க்கிற செடி. அதையும் தட்டையாகவே வறுப்பார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மோசமான டீ என்று சொல்ல மாட்டேன். லோங்ஜிங் விலைக்கு விற்பதுதான் தப்பு.

உண்மையான லோங்ஜிங்கிலும் உட்பிரிவு உண்டு. ஜெஜியாங்கில் மேற்கு ஏரி, சியென்தாங், யுவேசோ என்ற மூன்று வட்டாரங்களில் விளைவதற்கு இந்தப் பெயர் செல்லும். மேற்கு ஏரி வட்டாரத்துக்குள் ஷிஃபெங், லோங்ஜிங், யுன்சி, ஹுபாவ், மெய்ஜியாவு என்ற ஐந்து இடங்கள் பழம்பெயர் பெற்றவை. நான் முதலில் வாங்கியது யுவேசோ இலை. அதில் கற்றுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. கை பழகும்வரை ஷிஃபெங்கை வாங்கிக் கொதிநீரில் வீணாக்க வேண்டாம். ஒரு கிலோ உயர்ரகத்துக்கு 60,000-க்கும் மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் கையால்.

இலை மரகதப் பச்சையாகப் பளபளத்தால்தான் உயர்வு என்று நினைக்காதீர்கள். ஷிஃபெங்கின் பழைய ரகச் செடியிலிருந்து வருவதற்குக் கைக்குத்தல் அரிசி நிறம் கலந்திருக்கும். சீனத்திலும் அப்படியே கைக்குத்தல் அரிசி நிறம் என்றுதான் சொல்கிறார்கள். பேரரசர் சியென்லோங் அங்கே வந்து பதினெட்டுச் செடிகளுக்கு அரச மரியாதை கொடுத்தார் என்ற கதையைச் சொல்லி யாராவது விற்றால், கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பறித்த தேதியும் வட்டாரமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ருசி பிடிபடவில்லை

இதைக் கோளாறு என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் அதிகம் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். குடித்த மாத்திரத்தில் நாக்கில் எதுவோ அறையும் என்று காத்திருக்கிறார்கள். லோங்ஜிங்கின் ருசி விழுங்கிய பிறகு வருகிறது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இனிக்குமே, அது மாதிரி. சீனர்கள் ஹுய்கான் என்பார்கள், திரும்பி வரும் இனிப்பு என்று அர்த்தம்.

ஒரு சின்ன மிடறு எடுங்கள். நாக்கின் மேல் பரவவிட்டு, இரண்டு மூன்று நொடி வைத்து விழுங்குங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்; பருப்பு மணம் அந்த மூச்சில்தான் வரும். அடுத்த மிடறு வேண்டாம், ஒரு நிமிடம் சும்மா இருங்கள். எச்சில் ஊறும், நாக்கின் அடியிலும் தொண்டையிலும் இனிப்பு மெதுவாக ஏறும். முதல் நாள் தெரியாது. எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது, அதுவும் டம்ளரைக் கழுவப் போகும்போது. அதனால் கழுவுவதற்கு முன் காலி டம்ளரை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சூடு முழுக்க ஆறிய கண்ணாடியில் மணம் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.